இப்போதைக்கு

விடிய இன்னும் அரை மணி இருக்கும்போதே துறைமுகத்துக் கண்டெய்னர் யார்டில் வேலை மும்முரமாகிவிடும். வெயில் ஏறிவிட்டால் கண்டெய்னர் இரும்பில் கை வைக்க முடியாது. அதற்குள் முடிந்த மட்டும் தூக்கி அடுக்கிவிட வேண்டும். கடலிலிருந்து வருகிற காற்றில் உப்பும் டீசல் புகையும் நிலக்கரித் தூளும் கலந்திருக்கும். எச்சில் துப்பினால் கறுப்பாக விழும். இசக்கிராஜா பெட்டியின் மேல் ஏறி, பனி ஈரத்தில் வழுக்காமல் காலை ஊன்றிக்கொண்டு, கிரேனிலிருந்து இறங்கும் சங்கிலிகளைப் பிடித்து நான்கு மூலையிலும் நான்கு கொக்கிகளை மாட்டுவான். இழுத்துப் பார்ப்பான். இறங்குவான். அடுத்த பெட்டியில் ஏறுவான். காலைச் சாப்பாட்டுக்குள் நாற்பது பெட்டி ஏறி இறங்கினால் முழங்கால் தனியாகக் கழன்று வருகிறது என்பான்.

கொக்கி மாட்டியாயிற்று, தூக்கலாம் என்று கிரேன் ஓட்டுநருக்குத் தெரிவிப்பது கீழே நிற்கிற சுடலைக்கண்ணனின் வேலை. பதினோரு வருடமாக அதைத்தான் செய்கிறான். மூன்று மாதத்துக்கு முன்புவரை அதற்கு அவனிடம் வாக்கி டாக்கி இருந்தது. பேட்டரி தீர்ந்துவிட்டால் இரண்டு கை இருந்தது. இப்போது செல்போன் இருக்கிறது. செல்போனுக்குள் ஒரு விளையாட்டு இருக்கிறது.

விளையாட்டு என்றால் நிஜமாகவே விளையாட்டுதான். யார்டில் எண்பது பேர் போனிலும் அது இருந்தாக வேண்டும். மந்திரமூர்த்தி அண்ணாச்சியின் யோசனை. பக்கத்தில் இருக்கிற புதுக்கோட்டையில் பலசரக்குக் கடை வைத்திருந்தவர், துறைமுகத்துக்கு ஆள் அனுப்பப் போய், இந்த யார்டுக்கே காண்டிராக்டர் ஆனவர். ‘வேலையை விளையாட்டா மாத்துதோம்’ என்று பெரிய கம்பெனிக்காரர்களிடம் சொல்லி இப்போது சாப்ட்வேர் முதலாளியும் ஆகிவிட்டார். கீழே நிற்பவன் போனில் ‘தயார்’ என்ற பச்சைப் பொத்தானைத் தொட்டால், மேலே ஓட்டுநரின் திரையில் பச்சை எரியும், பெட்டி எழும்பும். ‘நிறுத்து’ என்ற சிவப்புப் பொத்தானைத் தொட்டால் சங்கு ஊதும், எல்லாம் நிற்கும். சீக்கிரம் தொட்டால் அதிகப் புள்ளி. புள்ளி குறைந்தவனுக்கு அடுத்த வாரம் வேலை குறையும். கையால் சைகை காட்டினால் புள்ளி கிடையாது. ஓட்டுநர் திரையை விட்டு வெளியே பார்த்தால் அவருக்கும் புள்ளி போகும். வாக்கி டாக்கிகளை ஒரு சாக்கில் அள்ளிக் கட்டி எங்கேயோ போட்டுவிட்டார்கள்.

அந்தப் பொத்தான்களைத் திரையில் வைத்தவள் முத்துச்செல்வி. சாயர்புரத்தில் கம்ப்யூட்டர் படித்தவள். யார்டின் மூலையில் ஏசி போட்ட தகரக் கேபின். அதில் அவளும், எழுதியதைச் சோதித்துப் பார்க்கிற ஷாமும். ஷிப்டு ஏறும்போது ஏதாவது மக்கர் செய்தால் பார்க்க வேண்டும் என்று அவர்களும் விடியுமுன் வந்துவிடுவார்கள். கேபின் ஆட்கள் யார்டு ஆட்களோடு பேசக் கூடாது என்பது அண்ணாச்சி உத்தரவு. டீ கூடத் தனி.

அந்தச் செவ்வாய்க்கிழமை ஐந்தே முக்காலுக்கு அவள் திரையில் ‘சுடலைக்கண்ணன், தயார், பத்துப் புள்ளி’ என்று வந்தது. டீயை ஊதிக்கொண்டே சன்னல் வழியாகப் பார்த்தாள். சங்கிலி விறைத்தது. ஒரு கொக்கி சரியாக உட்காராமல் பிறழ்ந்ததை இசக்கிராஜா பார்த்துவிட்டான் போலிருக்கிறது. குனிந்து அதைத் தள்ளக் கையைக் கொடுத்தான். கீழே சுடலைக்கண்ணன் போனைப் பார்த்தான். அவன் விரல் திரையில் இங்கும் அங்கும் அலைவது கேபினிலிருந்தே தெரிந்தது. போனைத் திருப்பிப் பிடித்துப் பார்த்தான். பிறகு அதை வீசி எறிந்துவிட்டு, இரண்டு கைகளையும் அகல விரித்துக்கொண்டு குதித்தான், கத்தினான். கண்ணாடிக் கூண்டுக்குள் ஓட்டுநர் வெள்ளத்துரை விதிப்படி திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். திரை பச்சையாக இருந்தது.

லாரிக்காரர்கள் சேர்ந்து ஹாரன் அடித்த பிறகுதான் கிரேன் நின்றது. இசக்கிராஜாவின் வலது கையில் கட்டைவிரல் மட்டும் மிச்சம் இருந்தது.

எட்டு மணிக்கு அண்ணாச்சி வந்தார். எட்டரைக்குள் எல்லாம் முடிவாகிவிட்டது. சுடலைக்கண்ணன் போனை நோண்டிக்கொண்டு கவனக்குறைவாக நின்றதால் விபத்து. ஆகையால் அவனுக்கு வேலை இல்லை, அவன் மேல் போலீசில் புகார். போனைக் கையில் கொடுத்து, அதையே பார்த்துக்கொண்டு நில் என்று சொன்னவர் வாயிலிருந்து இது வருகிறதே என்று ஒருவரும் கேட்கவில்லை. எல்லாருக்கும் பயம். பயத்துக்குக் கூலி கொடுப்பதாக இருந்தால் அந்த யார்டில் இருக்கிற அத்தனை பேரும் மாடி வீடு கட்டியிருக்கலாம்.

பத்து மணிக்குச் சங்கரம்மாள் கேபினைக் கூட்ட வந்தாள். காலிப் பெட்டிகளுக்குள் இறங்கி ரப்பர் குழாயால் கழுவிவிடுவது அவள் வேலை. அன்று அந்தக் குழாயால் அவள் கழுவியது வேறு. சேலைக் கரை இன்னும் ஈரமாக இருந்தது. யாரையும் பார்க்காமல், கூட்டிக்கொண்டே தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

“இன்னைக்குன்னு பாத்தா செவப்பு லீவு போடணும்?”

முத்துச்செல்வி திரும்பினாள். பேசக் கூடாது என்பது ஞாபகம் வந்தது. ஆனாலும் கேட்டாள்.

“எக்கா, செவப்பு லீவுன்னா என்னது?”

“அதான் தாயி, செவப்பு பட்டன். சில நாளு வராது. பச்சை மட்டும் நிக்கும். ‘இன்னைக்குச் செவப்பு லீவுடே’ன்னு நாங்க சொல்லிக்குவோம். மூடிட்டுத் திரும்பத் தெறந்தா வந்துரும். நெட்டு இல்லன்னு நெனச்சோம். ஒங்களுக்குத் தெரியாதா?”

“யாருக்கெல்லாம் அப்படி வருது?”

“என்னைய மாதிரிப் பழைய போனு வச்சிருக்கவுகளுக்குத்தான். காலையில மொத தடவ தெறக்கையில.”

மூன்று மாதமாக எண்பது பேர் ஒரு குறைக்குப் பேர் வைத்து, அதைச் சொல்லிச் சிரித்து, அதோடு வேலை செய்யப் பழகியிருக்கிறார்கள். இருபதடி தள்ளியிருந்த கேபினுக்கு அந்தப் பேர் வந்துசேர நான்கு விரல் போக வேண்டியிருந்தது.

சங்கரம்மாள் இடுப்பிலிருந்து கண்ணாடி கீறிய ஒரு போனை எடுத்துக் கொடுத்தாள். முத்துச்செல்வி அதை அணைத்து, மறுபடி போட்டு, விளையாட்டைத் திறந்தாள். இடது மேல் மூலையில் பச்சை வந்தது. வலது கீழ் மூலை வெறுமையாக இருந்தது. காரணம் அவளுக்குத் தெரிந்துவிட்டது. அவள் எழுதியதுதானே.

விளையாட்டு திறக்கும்போது, எழுதி வைத்த வரிகள் முதலில் போனிடம் ஒன்றைக் கேட்கும்: உன் திரை எவ்வளவு அகலம், எவ்வளவு உயரம்? ஆடுகிறவன் கையில் எந்தப் போன் இருக்கும் என்று எழுதுகிறவளுக்குத் தெரியாதே. பதில் வந்த பிறகு அதற்குத் தக்கபடி பொத்தான்களை வைக்க வேண்டும். புதுப் போன் டக்கென்று சொல்லிவிடும். பழைய போன் விழித்துக்கொள்ள இரண்டு நொடி ஆகும். அதற்குள் கேட்டால் ‘ஒன்று, ஒன்று’ என்று உளறும். ஒரு பிக்சல் அகலம், ஒரு பிக்சல் உயரம். பொறுத்திருந்து திரும்பக் கேட்க வேண்டும். முத்துச்செல்வி முதலில் அப்படித்தான் எழுதியிருந்தாள்.

அந்த இரண்டு நொடியும் திரை வெள்ளையாக நிற்கும். அது அண்ணாச்சிக்குப் பிடிக்கவில்லை. ஒரு நாள் அவள் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்று, “கம்பெனிக்காரன் முன்னால வெள்ளையா நிக்கி, அசிங்கமா இருக்குளா. இப்போதைக்கு நம்ம ஆபிஸ் ஸ்கிரீன் அளவையே போட்டுரு” என்றார். போட்டுவிட்டாள். ‘ஒன்று, ஒன்று’ என்று பதில் வந்தால் கேபினில் இருக்கிற பெரிய திரையின் அளவை எடுத்துக்கொள்: 1920, 1080. இடது மேல் மூலையில் இருக்கிற பச்சைக்கு இதனால் ஒன்றும் ஆகாது. எந்தத் திரையிலும் அது இருக்கும். வலது கீழ் மூலைச் சிவப்போ, சின்னத் திரையைத் தாண்டி வெளியே எங்கோ போய் நிற்கும். அங்கே யார் விரலும் எட்டாது. பிறகு சரிசெய்ய வேண்டும் என்ற நினைப்பில், அந்த வரிக்குப் பக்கத்தில் அவர் சொன்ன சொல்லையே குறித்து வைத்திருந்தாள்: ‘இப்போதைக்கு’. அதற்குக் கீழே தன் பேர்.

நம் ஊரில் அந்தச் சொல்லுக்கு ஆயுசு கெட்டி. சுடலைக்கண்ணனை இப்போதைக்கு என்று வேலைக்கு எடுத்துத்தான் பதினோரு வருடம் ஆயிற்று.

மத்தியானம் அண்ணாச்சியின் அறைக் கதவைத் தட்டினாள்.

“அண்ணாச்சி, சுடலைக்கண்ணன் அண்ணன் மேல தப்பு இல்ல. அவங்க போன்ல செவப்பு பட்டனே வரல.”

“நீ அங்கன நின்னு பாத்தியோ?”

“சங்கரம்மாக்கா போன்ல இப்பம் பாத்தேன். பழைய போன்ல எல்லாம்...” காரணத்தைச் சொன்னாள். அவர் காதைக் குடைந்துகொண்டே கேட்டார்.

“சரி. அந்த வரிய எழுதுனது யாரு?”

“நீங்கதான இப்போதைக்குப் போடுன்னு...”

“நான் சீக்கிரம் தெறக்கணும்னு சொன்னேன். பட்டனத் தூக்கிக் கடல்ல போடுன்னு சொன்னேனா? பலசரக்கு வித்தவன் நான், எனக்கு இதெல்லாம் தெரியுமாளா? வரியில யாரு பேரு இருக்கு?”

“எம் பேரு.”

“அப்பம் போலீசு யாரத் தேடும்?”

அவர் குரலை இறக்கிக்கொண்டார். கத்தியிருந்தால்கூட அவளுக்கு அவ்வளவு பயமாக இருந்திருக்காது.

“நீ நம்ம ஊருப் புள்ள. ஒன்னய விட்டுக்குடுப்பேனா? நாளைக்குக் காலையில ஏழு மணிக்கு விபத்த விசாரிக்க ஆபிசர் வாராரு. அதுக்குள்ள வரிய மாத்திரு, எல்லாப் போன்லயும் பட்டன் வந்துரட்டும். விபத்து நடந்தப்பமும் பட்டன் வேலை செஞ்சுதுன்னு ஒரு தாள்ல எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடு. மிச்சத்த நான் பாத்துக்கிடுதேன். அவன் குடிச்சுட்டு நின்னான்னு சொன்னா முடிஞ்சுட்டு.”

“அவங்க குடிக்க மாட்டாங்க, அண்ணாச்சி.”

“இனிமே குடிப்பான்.”

கேபினுக்குத் திரும்பி அந்த வரிக்கு எதிரே உட்கார்ந்தாள். மாற்ற இரண்டு நிமிடம் போதும். மாற்றினால், சுடலைக்கண்ணனுக்கு இருக்கிற ஒரே சாட்சி அழிந்துபோகும். மாற்றாவிட்டால், நாளைக் காலையில் எந்தப் போனில் சிவப்பு லீவு போடும், அந்த நேரம் யார் கை கொக்கியில் இருக்கும் என்று சொல்ல முடியாது. விரல்களைக் கீபோர்டில் வைத்தாள். பத்து விரல். எண்ணிப் பார்த்துவிட்டுக் கைகளை மடியில் வைத்துக்கொண்டாள். ஸ்டேஷன் வாசலும், அப்பாவின் முகமும், பஸ்ஸில் ஊர்க்காரர்கள் பார்க்கப்போகிற பார்வையும் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. ஷாமிடம் சொன்னாள். “எல்லாத்தையும் நான் அண்ணாச்சியோட புதுப் போன்லதான டெஸ்ட் பண்ணேன்” என்றான் அவன். பிறகு அந்த வரி இருக்கிற பக்கத்தை அச்செடுத்து அவள் கையில் கொடுத்தான்.

ஷிப்டு முடிந்ததும் யார்டு ஆட்கள் கேட்டுக்கு எதிரே அய்யாக்குட்டியின் டீக்கடையில் கூடுவார்கள். முத்துச்செல்வி ஒரு நாளும் அந்தப் பக்கம் போனதில்லை. அன்று ரோட்டைக் கடக்கப் போய் இரண்டு தடவை திரும்பிவிட்டாள். மூன்றாம் தடவை ஷாமும் கூட வந்தான். சுடலைக்கண்ணன் பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தான். மறுநாள் அவனை ஸ்டேஷனுக்கு வரச் சொல்லியிருந்தார்கள். கேபின் ஆட்களைப் பார்த்ததும் எல்லாரும் திரும்பினார்கள்.

“அந்த வரிய எழுதுனது நான்தான்” என்றாள். வேறு எப்படித் தொடங்குவது என்று அவளுக்குத் தெரியவில்லை. வெள்ளைத் திரையையும், ‘ஒன்று, ஒன்று’ என்ற உளறலையும், திரைக்கு வெளியே போய் நிற்கிற பொத்தானையும் சொன்னாள். அண்ணாச்சி கையெழுத்துக் கேட்டதைச் சொன்னாள். சொல்லி முடித்தபோது அடுப்பில் பால் பொங்கி வழிந்துகொண்டிருந்தது. அய்யாக்குட்டிகூட அதைப் பார்க்கவில்லை.

“இப்பம் வந்து சொல்லுதா. சொன்னா வெரலு ஒட்டிக்கிடுமா?” என்று பின்னால் ஒருவர் கேட்டார்.

“ஒட்டாது” என்றாள். அழுகை வந்துவிட்டது.

சுடலைக்கண்ணன் துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்தான். “செவப்பு வரலன்னுதான் நானும் சொன்னேன், தாயி. அண்ணாச்சி அவரு போனக் காட்டி, இந்தா இருக்குல்லாலேன்னாரு. அதுலேருந்து எனக்கு எங் கண்ணு மேலயே சந்தேகம். நெசமாவே செவப்பு லீவா, இல்ல நாந்தான் கவனிக்கலையோ, என்னாலதான் அவன் கை போச்சோன்னு பொழுதன்னைக்கும் அதே நெனப்பு. நீ இப்பம் சொன்ன பெறவுதான் மூச்சு வருது.”

“எனக்கு மட்டும் என்ன?” என்றார் வெள்ளத்துரை. அவர் டீ ஆறிப்போயிருந்தது. “தலைய ஒரு தடவ தூக்கியிருந்தா இவன் கை விரிச்சதப் பாத்திருப்பேன். புள்ளி போயிருமேன்னு தூக்கல.”

“வரிய மாத்துனா, வெறும் தாளக் காட்டி நம்ப வைக்க முடியாது, அண்ணன் மாட்டுவாங்க. மாத்தலன்னா நாளைக்கு வேற யாராவது... எனக்கு என்ன செய்யன்னே தெரியல” என்றாள் முத்துச்செல்வி.

சங்கரம்மாள் டீக் கிளாசைக் கீழே வைத்தாள். “ஏளா, இதுக்கா இந்த அழுகை? நீ மாத்தவும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். நாங்க அதத் தெறக்கலன்னா?”

சின்னச் சொல்தான். ஆனால் மூன்று மாதமாக ஒருவருக்கும் தோன்றாத சொல்.

“புள்ளி போகும்” என்றார் ஒருவர்.

“போகட்டும்.”

“வேலையும் போகும்.”

“எம்பது பேர ஒரே நாள்ல எங்கனேருந்து கொண்டாருவான்? பலசரக்குக் கடையில கிலோ கணக்குல கெடைக்குமா?” சங்கரம்மாள் கேட்டதற்கு இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். சிரித்துவிட்டு உடனே கேட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்துக்கொண்டார்கள்.

“நாங்க தப்பிச்சாலும் நீ மாட்டிக்கிடுவியே, தாயி. ஒம் பேருல்லா இருக்கு?” என்றார் வெள்ளத்துரை.

“பயமாத்தான் இருக்கு, அண்ணே.”

“எங்களுக்கும்தான்” என்றார் அவர்.

அது ஆறுதலான பதில் இல்லை. ஆனாலும் அவள் பெஞ்சில் இடம் பார்த்து உட்கார்ந்தாள். பயம் தனியாக இருக்கும்போதுதான் ஆளைத் தின்னும்.

மறுநாள் விடியுமுன் முத்துச்செல்வி பஸ்ஸை விட்டு இறங்கினாள். அதே பஸ்ஸில் திரும்பிப் போய்விடலாமா என்று நினைத்தாள்; அவள் நினைத்து முடிப்பதற்குள் பஸ் போய்விட்டது. கேட்டுக்கு வெளியே, கம்பி வலையை ஒட்டிச் சுடலைக்கண்ணன் நின்றுகொண்டிருந்தான். உள்ளே மற்றவர்கள் எல்லாரும் வழக்கமான இடங்களில் நின்றார்கள். போன்கள் சட்டைப் பையிலும் இடுப்பிலும் இருந்தன. கேபின் சுவரில் இருக்கிற பெரிய திரை ‘தயார்: 0’ என்று காட்டியது. ஐந்தே முக்காலுக்கும் 0. ஆறு மணிக்கும் 0.

ஆறே காலுக்கு அண்ணாச்சியின் கார் வந்தது. சேதி எப்படியோ எட்டியிருக்கிறது; கூடவே வேறு யார்டிலிருந்து ஒரு ஓட்டுநரும் வந்தான்.

“போனத் தெறங்கலே!” என்றார் அண்ணாச்சி.

“செவப்பு லீவு, அண்ணாச்சி” என்றது கூட்டத்தில் ஒரு குரல்.

“வாக்கி டாக்கியத் திருப்பித் தாங்க” என்று முன்னால் வந்தாள் சங்கரம்மாள். “சுடலைக்கண்ணன உள்ள விடுங்க. இசக்கிராஜா கைக்கு நீங்க பொறுப்புன்னு எழுதிக் குடுங்க. பெறவு தெறக்கதப் பத்திப் பேசுவோம்.”

“பெட்டி கழுவுத நீயா எனக்குச் சட்டம் சொல்லுத?”

“பெட்டியோட நேத்து ரத்தத்தையும் நாந்தான கழுவுனேன்.”

அண்ணாச்சி அவளை விட்டுவிட்டுக் கிரேனைப் பார்த்தார். வெள்ளத்துரை கூண்டிலிருந்து இறங்கிவந்து மற்றவர்களோடு நின்றுகொண்டார். புது ஓட்டுநர் ஏறினான். “எவன் தயார் சொன்னா என்ன, சொல்லாட்டி என்ன? தூக்குலே!” என்று அண்ணாச்சி கத்தினார். மோட்டார் உறுமியது. நான்கு கொக்கிகளும் ஆடிக்கொண்டே அவர்கள் தலைக்கு மேலே நகர்ந்து வந்தன.

முத்துச்செல்வி கேபின் வாசலில் நின்றாள். கையில் ஷாம் அச்செடுத்துக் கொடுத்த தாள் இருந்தது. அதன் பின்பக்கத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தாள். அண்ணாச்சி சொன்னபடி அல்ல, நடந்தபடி. கூண்டில் இருந்தவன் கண் திரை மேலேயே இருந்தது. விளையாட்டை ஒருவரும் திறக்காததால், அவனைக் கூப்பிட யாரிடமும் பொத்தான் இல்லை.

கம்பி வலைக்கு வெளியே சுடலைக்கண்ணன் இரண்டு கைகளையும் அகல விரித்தான். பதினோரு வருடம் பழகிய சைகை: நிறுத்து. கிரேனுக்கு நேர் கீழே நின்ற சங்கரம்மாள் ஈரக் கைகளை விரித்தாள். வெள்ளத்துரை விரித்தார். பிறகு வரிசையாக, பெட்டிகளின் மேலே நின்றவர்களும், லாரி நிழலில் நின்றவர்களும், பக்கத்தில் ஷாமும். தாளைப் பல்லில் கடித்துக்கொண்டு முத்துச்செல்வியும் விரித்தாள்.

திரையில் ஒன்றும் வராததால் புது ஓட்டுநர் தலையைத் தூக்கினான். கண்ணாடி வழியாகக் கீழே பார்த்தான். மோட்டார் சத்தம் அடங்கியது. கொக்கிகள் சற்று நேரம் ஆடிவிட்டு நின்றன. அவன் கூண்டுக் கதவைத் திறந்து, “நான் இவங்க மேல ஓட்ட மாட்டேன், அண்ணாச்சி” என்றான்.

அண்ணாச்சி ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு வந்து, கடைசியில் கேபின் வாசலில் பார்வையை நிறுத்தினார். அவள் யாருடைய ஊர்ப் பிள்ளை என்பதை நினைவூட்டுகிற பார்வை.

“எவ்வளவு நேரம் இப்படிக் கைய விரிச்சுட்டு நிப்பிய?”

முத்துச்செல்வி வாயிலிருந்த தாளைக் கையில் எடுத்து, மறுபடி கையை விரித்தாள். அவள் சொன்னது யார்டு முழுக்கக் கேட்டது.

“இப்போதைக்கு நிக்கோம், அண்ணாச்சி.”

சங்கரம்மாள் சிரித்துவிட்டாள். கேட்டில் அதிகாரியின் ஜீப் வந்து ஹாரன் அடித்தது. யாரும் கையை இறக்கவில்லை.